இரண்டு இருபத்துநான்குகள்

ஒருகொடவத்தையில் எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் ஒரு பழைய கொன்டெய்னர் நிற்கிறது. துறைமுகத்துக்கும் சுங்கத்துக்கும் உழைத்து ஓய்ந்த பெட்டி. இப்போது ஒரு கடைக்காரர் சீமெந்துப் பைகளை அடுக்கிவைக்கும் கொட்டில். வெல்டிங் வேலை செய்யும் அண்ணாமார் அதன் நெற்றியில் இரும்புக் கம்பியை வளைத்து ஒரு வளையம் பற்றவைத்திருக்கிறார்கள். கொன்டெய்னர்களில் உயரமான வகை அது. ஆனாலும் ஒன்பதரை அடிதான். கூடைப்பந்து வளையம் இருக்க வேண்டியது பத்தடியில், அதாவது 3.05 மீற்றரில். அந்த அரை அடிக்காக இரண்டு கம்பிகளை மேலே நீட்டி, பின்னால் ஒரு கடைப் பெயர்ப்பலகையின் தகரத்தைக் கட்டியிருக்கிறார்கள். பந்து தகரத்தைத் தாண்டினால் கூரையில் போய்க் கிடக்கும். யாராவது ஏறித்தான் எடுக்க வேண்டும்.

வளையத்துக்கு எதிர்வீட்டில் ஒரு பெரிய தொலைக்காட்சி. சனிக்கிழமை மாலையில் அதில் விஜய் படம் ஓடினால் முன்கதவைத் திறந்தே வைப்பார்கள். ஒழுங்கைப் பிள்ளைகள் வாசற்படிவரை உட்கார்ந்துவிடுவார்கள். ஒருநாள் ‘கில்லி’ போய்க்கொண்டிருந்தது. என் தம்பி பந்தைக் கக்கத்தில் இடுக்கியபடி வளையத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, அஞ்சு நிமிஷம். கபடி மெட்ச் முடியட்டும், வாறன்.”

அந்த ஐந்து நிமிடம் இருபது நிமிடமானது. ‘கில்லி’ வெளிவந்தது 2004-இல். அவன் பிறக்க முன்னரே வந்த படம். அந்தக் கபடி ஆட்டத்தில் யார் வெல்வார் என்பது அவனுக்கு மனப்பாடம். தெரிந்த முடிவுக்காக அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். தெரியாத முடிவோடு வளையம் காத்துக்கொண்டிருந்தது.

நான் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடினேன், கெம்பஸ் வந்த பிறகு கூடைப்பந்துக்கு மாறினேன். படங்களையும் விட்டுவைப்பதில்லை. எங்கள் வீட்டில் இவை இரண்டுக்கும் வேறு வேறு மரியாதை. விளையாடப் போகிறேன் என்றால் அம்மா தண்ணீர்ப் போத்தலை நிரப்பித் தருவார். படத்துக்கு என்றால், “எக்ஸாமுக்கு இன்னும் எத்தினை நாள் கிடக்கு?” என்று கேட்பார். ஒன்று உடம்பை வளர்ப்பது, மற்றது பொழுதைத் தின்பது என்ற இந்தப் பிரிப்பு பல வீடுகளில் உண்டு. அது சரிதானா என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்குத் தட்டுப்பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடைப்பந்தும் சினிமாவும் பார்வையாளருக்காக வளைந்து வளைந்து வளர்ந்தவை. அந்த வகையில் இரண்டும் ஒரே சாதிப் பொழுதுபோக்கு. அவை முக்கியமாகப் பிரிவது தவறிப்போன பந்தை என்ன செய்வது என்ற இடத்தில்.

வயதில் இரண்டும் கூடப்பிறந்தவை போலத்தான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், வை.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் 18 மாணவர்களுக்காகக் கூடைப்பந்தை உருவாக்கினார். வெளியே பனி, பையன்களுக்கு உடற்பயிற்சி அலுத்துவிட்டது, ஆகவே ஒரு மண்டபத்துக்குள் ஆடக்கூடிய ஆட்டம் வேண்டியிருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில், லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். இரண்டும் குளிர்காலத்தில், கூரைக்குக் கீழே, அடைத்த அறையில் பிறந்தவை. மழையும் வெயிலும் பார்த்து வளர்ந்த கபடிக்கும் கிளித்தட்டுக்கும் நாட்டுக்கூத்துக்கும் இல்லாத பழக்கம் இது.

தமிழரிடம் வந்த வழியிலும் இவை அயலவர்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹரி குரோ பக் 1920-இல் சென்னையில் வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அது இன்று இருக்கும் நந்தனத்திலிருந்து கோடம்பாக்கம் சில கிலோமீற்றர் தூரந்தான். ஒரு பக்கம் நெய்ஸ்மித்தின் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள், மறுபக்கம் எங்கள் நாயகர்களைச் செய்து அனுப்பும் ஸ்டூடியோக்கள். இரண்டில் எது பாக்கு நீரிணையை வேகமாகக் கடந்தது என்று சொல்லத் தேவையில்லை. எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் 1965-இல் இலங்கைக்கு வந்தபோது அம்மம்மாவுக்குப் பதினாறு வயது. கூட்டத்தில் நெரிபட்டு ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு வந்ததை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். ஒரு கூடைப்பந்து வீரரைப் பார்க்கப் போய்ச் செருப்பைத் தொலைத்தவர் எங்கள் பரம்பரையில் இல்லை.

இனிப் பார்வையாளர் விஷயம். நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளை மண்டபத்தின் மேல்மாடக் கிராதியில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். அந்த மாடம் பத்தடி உயரத்தில் இருந்தது. ஆகவே வளையமும் பத்தடி. உலகம் முழுக்க இன்றும் அதுதான் அளவு. கூடைக்கு அடியில் ஓட்டை கிடையாது. பந்து விழுந்தால் ஏணி வைத்து ஏறி எடுத்தார்கள், எங்கள் கொன்டெய்னரில் ஏறுவது போலவே. சிறிது காலத்தில் அதே மாடத்தில் சனம் கூடியது. தங்கள் பக்கத்துக்கு ஆதரவாக அவர்கள் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டார்கள், எதிரணிப் பந்தைத் தடுத்தார்கள். அந்தக் கைகளை மறைக்கத்தான் வளையத்துக்குப் பின்னால் பலகை வந்தது. இன்று பலகையில் அடித்து உள்ளே விழுத்துவதை ஒரு நுட்பமாகப் பழகுகிறோம். அந்தப் பலகை ரசிகர்களின் குறும்புக்குக் கட்டிய வேலி. முதல் நாள் முதல் காட்சியில் திரைக்கு முன்னால் ஏறி ஆடுகிறவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாடத்துக் கைகள் நினைவுக்கு வரும்.

பலகைக்கு ரசிகரின் கை காரணம் என்றால், கடிகாரத்துக்கு ரசிகரின் கொட்டாவி காரணம். 1950 நவம்பர் 22 அன்று அமெரிக்கத் தொழில்முறை ஆட்டமொன்றில் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19–18 என்று வென்றது. முழு ஆட்டத்துக்கும் இரண்டு அணிகளும் சேர்த்து எடுத்தது 37 புள்ளிகள். கடைசிக் கால்பகுதியில் நான்கே நான்கு. லேக்கர்ஸில் ஆறடி பத்தங்குல ஜோர்ஜ் மைகன் இருந்தார். அவருக்குப் பயந்து பிஸ்டன்ஸ் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு பொழுதைப் போக்கியது. விதியில் அதற்குத் தடை இருக்கவில்லை. காசு கொடுத்து வந்த சனம் கத்தியது, பத்திரிகை வாசித்தது. இப்படியே போனால் அரங்கு காலியாகிவிடும் என்று அணி உரிமையாளர்கள் அஞ்சினார்கள்.

அவர்களில் ஒருவர் டனி பயசோன். சிரகியூஸ் நகரில் பந்துருட்டு நிலையம் நடத்தியவர், அந்த ஊர் அணிக்கும் சொந்தக்காரர். அவர் போட்ட கணக்கை முதலாம் ஆண்டு மாணவிக்கும் சொல்லிக்கொடுக்கலாம். சனம் ரசித்த நல்ல ஆட்டங்களில் இரண்டு அணியும் சேர்ந்து ஏறத்தாழ 120 தடவை கூடையை நோக்கி எறிந்திருக்கின்றன. ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 வினாடி. 120-ஆல் வகுத்தால் 24. ஆகவே பந்து கைக்கு வந்தால் 24 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும். 1954-இல் இந்த விதி வந்தது. ஓர் அணியின் சராசரி 79.5 புள்ளியிலிருந்து ஒரே பருவத்தில் 93.1-க்கு ஏறியது. சர்வதேசக் கூட்டமைப்பு முதலில் 30 வினாடி வைத்திருந்து, 2000-ஆம் ஆண்டில் அதுவும் 24-க்கு வந்தது. இன்று கெம்பஸ் ஆட்டத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஓடும் கடிகாரம், எழுபது ஆண்டுக்கு முன் ஒருவர் வாசல் வசூலை நினைத்துச் செய்த வகுத்தல்.

சினிமாவிலும் இதே எண்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள். ஊமைப்பட காலத்தில் கமெராவைக் கையால் சுற்றினார்கள். வேகம் ஆளுக்கு ஆள் மாறியது. 1920-களின் கடைசியில் பேசும்படம் வந்தபோது ஒலி பிசகாமல் இருக்க வேகம் ஒரே சீராக வேண்டும் என்றாகியது. மெதுவாக ஓடினால் ஒலி கெடும். வேகமாக ஓடினால் ஃபிலிம் செலவு ஏறும். 24 என்றால் நிமிடத்துக்குத் 90 அடி ஃபிலிம். ஒலியும் தேறும், கையும் கடிக்காது. ஃபிலிம் சுருளே போய்விட்ட இந்தக் காலத்திலும் 24 அசையவில்லை. இரண்டு எண்களும் ஒன்றாக விழுந்தது தற்செயல். ஆனால் இரண்டையும் பெற்றது ஒரே தாய்: காசு கொடுத்து உள்ளே வந்தவரை எழுந்து போகவிடக் கூடாது என்ற கவலை. விளையாட்டு தூய்மையானது, சினிமா வியாபாரம் என்ற அம்மாவின் பிரிப்பு இந்த இடத்தில் நிற்காது.

ஆனால் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு இரண்டும் செய்யும் வேலை நேர்எதிர். படத்தில் நாயகனுக்காக நேரம் நீளும். வினாடிக்கு 96 சட்டகமாக எடுத்து 24-ஆக ஓட்டினால் ஒரு வினாடி நான்கு வினாடியாகும். தூசு மெதுவாக எழும், வியர்வை துளித்துளியாகத் தெறிக்கும், நாயகன் திரும்பிப் பார்த்து ஒரு வசனமும் சொல்லி முடிப்பான். ‘கில்லி’யின் இறுதிப் போட்டியில் வேலு சோர்ந்துபோய் ஆடுகிறான். போய்விட்டாள் என்று நினைத்த தனலட்சுமி மைதானத்துக்கு வந்து சேரும்வரை ஆட்டம் அவனுக்காகக் காத்திருக்கிறது. தம்பியின் ஐந்து நிமிடம் இருபதானது இப்படித்தான். கூடைப்பந்துக் களத்தில் யார் வருகிறார், யார் போகிறார் என்று கடிகாரம் பார்ப்பதில்லை. 24, 23, 22. நான் பந்தை வாங்கி, தடுப்பவளைத் தாண்டி, கால் ஊன்றி எழும்பும்போது ஆறேழுதான் மிஞ்சியிருக்கும். யோசிக்க எடுத்த அரை வினாடி திரும்ப வராது. படம் பார்க்கையில் நேரம் என் பக்கம் இருப்பது போல ஒரு சுகம்; களத்தில் அது எப்போதும் எதிரணியில் ஆடுகிறது. இரண்டும் எனக்குத் தேவைப்படுகின்றன. வாரம் முழுக்க பரீட்சையும் பஸ் நெரிசலும் எதிரணியில் ஆடிவிட்டால் வெள்ளிக்கிழமை இரவு எனக்கு வேண்டியது மெதுவாக எழும் அந்தத் தூசுதான்.

இப்போது தவறிய பந்துக்கு வருகிறேன். கூடைப்பந்தின் மிகப் பெரிய ஒற்றைநாள் சாதனை 1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் நடந்தது. வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். அன்று அரங்கில் இருந்தவர்கள் 4,124 பேர். தொலைக்காட்சி ஒளிபரப்பு கிடையாது. ஆட்டத்தின் அசையும் படம் இன்றுவரை கிடைத்ததில்லை. கடைசிக் கால்பகுதியின் வானொலி வர்ணனை மட்டும் ஒலிப்பதிவாக எஞ்சியிருக்கிறது. கமெரா பார்க்காத அந்த ஆட்டத்தின் கணக்குத்தாளைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. களத்திலிருந்து எறிந்தவை 63, விழுந்தவை 36. தண்ட எறிகள் 32, விழுந்தவை 28. கூட்டினால் அந்த மாபெரும் நாளில் அவர் 31 தடவை தவறவிட்டிருக்கிறார். நூறு என்ற எண்ணை எல்லோரும் சொல்கிறார்கள். 31-ஐ யாரும் சொல்வதில்லை. அந்த 31 இல்லாமல் நூறு இல்லை.

இதைப் படமாக எடுத்தால் என்ன ஆகும்? அந்த 31-இல் ஒன்றோ இரண்டோ மிஞ்சும், அதுவும் நாயகன் பிறகு எழுவதற்கு வசதியாக. தமிழ்ச் சினிமா தோல்வியைக் காட்டாமல் இல்லை. ‘வெண்ணிலா கபடிக்குழு’வில் நாயகன் களத்திலேயே இறந்துபோகிறான். ‘சார்பட்டா பரம்பரை’யில் கபிலன் தன் வாழ்க்கையையே தொலைத்துவிட்டுத் திரும்பி வருகிறான். ஆனால் அங்கே தோல்வி என்பது பெரிய தோல்வி. இசை போட்டு, மழை பெய்வித்துக் காட்டத்தக்க வீழ்ச்சி. களத்தின் தோல்வி சின்னது, அலுப்பானது, கணக்கில்லாதது. தூரத்து எறியில் நூற்றுக்கு நாற்பது விழுத்துகிறவர் உலகத்தரத்து ஆட்டக்காரர். மிச்சம் அறுபது விளிம்பில் பட்டுத் தெறித்தவை. அந்த அறுபதை எந்தப் படமும் காட்டாது. காட்டினால் நானே எழுந்து போய்விடுவேன். ஆனால் அந்த அறுபதோடு வாழத்தான் மாலை மாலையாகப் பழகுகிறோம்.

சேம்பர்லினின் கதையில் இன்னொரு முடிச்சும் உண்டு. அவர் தண்ட எறியில் பலவீனர். தொழில்வாழ்க்கை முழுவதற்கும் நூற்றுக்கு ஐம்பத்தொன்றுதான். 1961–62 பருவத்தில் மட்டும் பந்தை இரண்டு கையாலும் முழங்காலுக்கிடையிலிருந்து மேலே வீசும் முறையைப் பழகினார். அந்தப் பருவத்தில் விகிதம் அறுபத்தொன்றுக்கு ஏறியது. அந்த நூறு புள்ளி நாளும் அப்போதுதான் வந்தது. பிறகு அந்த முறையை விட்டுவிட்டார். பார்க்கப் பெட்டைத்தனமாக இருக்கிறது என்று கூச்சப்பட்டதாகத் தன் சுயசரிதையில் ஒப்புக்கொண்டார். அதே முறையில் ரிக் பரி என்பவர் நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் விழுத்திக்கொண்டிருந்தார். அதைக் கண்டும் மிகச் சிலரே பின்பற்றினார்கள். விழும் என்று தெரிந்தும், அழகாக இல்லை என்பதற்காக ஒரு வழியைக் கைவிடுவது. இது எனக்குச் சினிமாப் பாடமாகத் தெரிகிறது. எப்படி நடக்கிறோம், எப்படிச் சட்டைக் கொலரைத் தூக்குகிறோம் என்பது வெற்றியைவிட முக்கியமாகிவிடும் இடம். எங்கள் ஒழுங்கையிலும் பையன்கள் முதலில் பழகுவது எறிந்த பிறகு கையை மடக்கி நிற்கும் ஒயிலைத்தான். பந்து விழாவிட்டாலும் ஒயில் இருக்கும்.

வலைப்பந்து ஆடிய எனக்கு இந்தக் கூச்சம் குறைவு. வலைப்பந்து கூடைப்பந்தின் தங்கை. பெண்களுக்கென்று விதிகளை மாற்றிப் பிரித்த ஆட்டம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, மூன்று வினாடிக்கு மேல் கையில் வைத்திருக்க முடியாது, வளையத்துக்குப் பின்னால் பலகையும் கிடையாது. தவறினால் தவறியதுதான், முட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. இந்த ஆட்டத்துக்கும் இலங்கைக்கும் ஓர் உறவு உண்டு. 1960-இல் பல நாடுகளின் பிரதிநிதிகள் இலங்கையில் கூடித்தான் அதுவரை நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்கி, சர்வதேசக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். அந்தக் கூட்டமைப்பின் முதற்பெயரிலேயே பெண்கள் கூடைப்பந்து என்ற சொல்லும் இருந்தது.

அதே இலங்கையில், யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவனிலிருந்து தர்ஜினி சிவலிங்கம் வந்தார். 208 சென்ரிமீற்றர் உயரம். 2009-இலும் 2018-இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்ற அணிகளில் அவர் இருந்தார். 2019-இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள் போட்டார். அந்தத் தொடரில் எவரும் அவ்வளவு போடவில்லை. சின்ன வயதில் உயரத்துக்காகக் கேலி பட்டதை நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். ஒரு தமிழ்ப் பெண்ணின் உயரத்தைக் கல்யாணச் சந்தையின் குறையாகவே பார்த்துப் பழகிய சனத்துக்கு, அந்த உயரம் எதற்கு என்று காட்டியவர் அவர். எங்கள் பள்ளி அணியில் உயரமான பிள்ளைகள் கூனி நடப்பதை நிறுத்தியது அந்த ஆண்டுகளில்தான். இதை நான் கண்ணால் கண்டேன்.

இந்தியப் பக்கம் அனிதா பால்துரை. சென்னைக்காரர், தெற்கு ரயில்வே வீராங்கனை, இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவர். 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கெம்பஸில் படம் பற்றிப் பேசும் தோழிகளிடம் அவர் பெயரைச் சொன்னேன். ஒருத்திக்கும் தெரியவில்லை. ‘பிகில்’ எல்லோருக்கும் தெரியும். 2019-இல் வந்த அந்தப் படத்தில் பெண்கள் உதைபந்து அணி ஆடுகிறது. அமிலம் வீசப்பட்ட பெண், திருமணத்தால் ஆட்டத்தை விட்ட பெண் எல்லோரும் வருகிறார்கள். எனக்கு அந்தக் காட்சிகளில் கண் கலங்கியது உண்மை. ஆனால் அவர்கள் எழுந்து நிற்பது பயிற்றுநர் மைக்கேலின் ஒரு சொல்லால். அதற்கு முதல் ஆண்டு வந்த ‘கனா’வில் கௌசல்யா தானே பந்தை எடுக்கிறாள், தானே அடிபடுகிறாள், அந்தப் படத்தை நான் உயர்வாக வைக்க இதுவே காரணம். கூடைப்பந்து வளையம் நான் பார்த்த தமிழ்ப் படங்களில் கல்லூரிப் பாட்டுக்குப் பின்னால் நிற்கும் அலங்காரம், அவ்வளவுதான். ஆடுகிறவர்கள் பந்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஆட்டத்துக்கு வேறிடம் போய்விடுவார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு சினிமாவுக்கு நியாயம் செய்யாமல் விட முடியாது. மருதானை சினிசிட்டியிலோ வெள்ளவத்தை சவோயிலோ கதவு திறந்தால் யாரும் என்னிடம் உயரம் கேட்பதில்லை, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்பதில்லை. கொன்டெய்னர் லொறி ஓட்டிக் களைத்த அப்பாவும், முழங்கால் நோகும் அம்மம்மாவும், நானும் ஒரே வரிசையில் இருக்கலாம். அரங்கு நிறையத் தமிழ் உரத்துக் கேட்கும். பஸ்ஸில் தமிழைத் தணித்துப் பேசிப் பழகிய அப்பா அங்கே விசிலடிப்பார். கூடைப்பந்துக் களத்துக்கு இந்தப் பரந்த மனம் இன்னும் வரவில்லை. கொழும்பில் நல்ல களங்கள் பெரும்பாலும் பெரிய பள்ளிகளின் மதிலுக்குள் இருக்கின்றன. சப்பாத்து வேண்டும், பந்து வேண்டும், பயிற்றுநர் வேண்டும். ஒருகொடவத்தைச் சந்தியிலிருந்து சுகததாச அரங்கு அதிக தூரமில்லை; ஆனால் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளில் அதற்குள் கால் வைத்தவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம். 2021-இல் புதிய களனிப் பாலம் திறந்தபோது அதன் ஒரு கிளை எங்கள் சந்தியில் வந்து இறங்கியது. பெரிய பெரிய தூண்கள், அடியில் நிழல். அந்த நிழலில் நான்கு வளையம் நட்டால் என்ன என்று ஒவ்வொரு நாளும் பஸ்ஸிலிருந்து பார்த்து நினைக்கிறேன். இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றிலும் திரை முந்துகிறது. அது ஞாபகம் வைத்திருக்கும்; களம் அப்படியில்லை. மட்டக்களப்பில், 1873-இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியில், கூடைப்பந்து ஊரின் ஆட்டமாகவே வளர்ந்தது. அதை வளர்த்தவர்கள் அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து 1940-களின் கடைசியில் வந்த இயேசுசபைக் குருமார். அவர்களில் ஒருவர் லூசியானாவைச் சேர்ந்த அருட்தந்தை யூஜின் ஹெபர்ட். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் தலைமுறை தலைமுறையாகப் பையன்களுக்குப் பந்தெறியச் சொல்லிக்கொடுத்தவர். 1990-இல் கிழக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவரும் அவரோடு வந்த ஒரு தமிழ் இளைஞரும் காணாமல் போனார்கள். இன்றுவரை தடயம் இல்லை. மட்டக்களப்பிலிருந்து கெம்பஸுக்கு வந்த தோழி ஒருத்தி, அவர் காலத்தில் ஆடிய தன் பெரியப்பா இன்றும் தண்ட எறிக் கோட்டில் நின்றால் முதலில் சிலுவை போட்டுக்கொள்வார் என்றாள். ஹெபர்ட்டின் ஆட்டம் இப்படித்தான் மிஞ்சியிருக்கிறது: சிலருடைய மணிக்கட்டில், சிலருடைய காலடியில்.

இது ஒரு படம். எடுக்க ஆளில்லாத படம். 1963-இல் ‘தோட்டக்காரி’யும் 1972-இல் ‘குத்துவிளக்கு’ம் என்று சொந்தத் தமிழ்ப் படங்கள் வந்த நாடு இது. ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோவை 1983 ஜூலைக் கலவரத்தில் எரித்தார்கள். எங்களுடைய திரை எங்களுக்கு நிலைத்திருந்தால் ஹெபர்ட்டின் கதையையும் தர்ஜினியின் கதையையும் யாராவது எடுத்திருப்பார்கள் என்று நம்புகிறேன். இப்போது எங்கள் நாயகர்கள் முழுக்க முழுக்கக் கோடம்பாக்கத்திலிருந்து வருகிறார்கள். அவர்களை நான் நேசிக்கிறேன். ஆனாலும் அவர்கள் எங்கள் ஒழுங்கை வழியாக நடந்தவர்கள் இல்லை.

களமும் திரையும் நெருங்கிவரும் புதிய இடம் ஒன்று இருக்கிறது: மூவர் ஆட்டம். ஒற்றை வளையம், பத்து நிமிடம் அல்லது 21 புள்ளி, எறிவதற்கு 24-இல் பாதி, அதாவது 12 வினாடி. ஆட்டம் நடக்கும்போதே பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும். டோக்கியோவில் ஒலிம்பிக்குக்குள் வந்தது. 2022-இல் பர்மிங்ஹாம் பொதுநலவாயப் போட்டியில் இலங்கையின் ஆண், பெண் அணிகள் இரண்டும் அதை ஆடின. பாட்டோடு விளையாட்டா என்று மூத்த ஆட்டக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கிறது. ஒற்றை வளையமும் ஆறு பேரும் போதும் என்றால் பாலத்தடி போதும், கொன்டெய்னர் போதும்.

அன்று ‘கில்லி’ முடிந்ததும் தம்பி வந்தான். இருள் இறங்கத் தொடங்கியிருந்தது. நான் கொப்பியில் கோடு போட்டுக் கணக்கு வைத்தேன். அவனுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. தவறியதை ஏன் எழுதுகிறாய் என்று கேட்டான். விழுந்ததையும் எழுதுகிறேன் என்றேன். பத்து எறிந்தான், மூன்று விழுந்தது. பதினோராவது தகரத்தைத் தாண்டிக் கூரைக்குப் போனது. கொன்டெய்னர்க் கதவின் கம்பியைப் பிடித்து ஏறினான். எதிர்வீட்டிலிருந்து கலைந்த பிள்ளைகள் வந்து கீழே நின்றார்கள். மேலே அவன் பந்தோடு நிமிர்ந்தபோது பின்னால் பாலத்து விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

“எத்தினை?” என்று மேலிருந்து கேட்டான்.

“பதினொண்டுக்கு மூண்டு.”

“அழிக்காத. கிடக்கட்டும்,” என்றான். பந்தைக் கீழே போட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தான். கீழே நின்ற பிள்ளைகளில் மிகச் சின்னவள் பந்தை இரண்டு கையாலும் தூக்கி, முழங்காலுக்கிடையே கொண்டுபோய், வளையத்தைப் பார்த்தாள்.